கா. ந. அண்ணாதுரை

காஞ்சிபுரம் நடராசன் அண்ணாதுரை (செப்டம்பர் 15, 1909 - பெப்ரவரி 3, 1969) தமிழக அரசியல் தலைவரும் எழுத்தாளரும் நாடக ஆசிரியரும் சிறந்த பேச்சாளரும் ஆவார். அறிஞர் அண்ணா, பேரறிஞர் அண்ணா என்றும் அழைக்கப்படுகிறார். 1949இல் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தோற்றுவித்தார். 1967 முதல் இறக்கும் வரை தமிழகத்தின் முதலமைச்சராக இருந்தார். சென்னை மாநிலத்தில் காங்கிரசு அல்லாத கட்சி ஒன்று தனிப் பெரும்பான்மையுடன் அமைத்த முதல் ஆட்சி இவருடையதாகும்.

தேர்தலில் பங்கேற்பு, கடவுட் கொள்கை, தனிநாட்டுக் கோரிக்கை, எதிரணியினருடன் கூட்டணி ஆகிய நான்கிலும் அண்ணாதுரை தம் முந்தைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டவர். நாத்திக இயக்கத்திலிருந்து வந்த இவரை இறைநம்பிக்கையும் பழைமைப் பற்றும் மிக்க வாக்காளர் எந்த அளவுக்கு நம்பலாம் என்ற வினா, இவர் போட்டியிட்ட தேர்தல்களில் முக்கிய இடம் பெற்றது.

பிறப்பும் இளமையும்

அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் நடராசன், பங்காரு அம்மாள் ஆகியோருக்குப் பிறந்தார். செங்குந்தர் மரபில் வந்த நெசவாளர் குடும்பம் இவருடையது. சிற்றன்னை இராசாமணி அம்மாள் இவரை வளர்த்தார். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர் பெற்ற நகரம் காஞ்சிபுரம். ஏகாம்பரநாதர் கோயில், காமாட்சி அம்மன் கோயில், வரதராசப் பெருமாள் கோயில் ஆகியன இங்கு உள்ளன. நெசவுத் தொழிலின் வறுமையும் கோயில் நகரத்தின் சமய வாழ்வும் இவரது இளமைச் சூழலாக அமைந்தன.

காஞ்சிபுரம் பச்சையப்பன் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற இவர், குடும்பச் சூழ்நிலை காரணமாகச் சில காலம் காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராகப் பணியாற்றினார். 1928இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, பொருளியல், அரசியல் ஆகிய பாடங்களில் பட்டம் பெற்றார். மாணவராக இருந்தபோதே 1930இல் இராணி அம்மையாரை மணந்தார். கல்லூரிப் படிப்புக்குப் பின் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் இதழியலிலும் அரசியலிலும் ஈடுபட்டார்.

நீதிக்கட்சியும் திராவிடர் கழகமும்

1930களின் நடுப்பகுதியில் திருப்பூரில் ஈ. வெ. இராமசாமியைச் (பெரியார்) சந்தித்த அண்ணாதுரை, அவருடைய சுயமரியாதைக் கொள்கைகளால் ஈர்க்கப்பட்டார். நீதிக்கட்சியில் சேர்ந்து, சென்னை மாநகராட்சித் தேர்தலில் பெத்துநாயக்கன்பேட்டையில் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். குடி அரசு, விடுதலை ஆகிய இதழ்களில் பணியாற்றினார். 1942இல் காஞ்சிபுரத்திலிருந்து திராவிட நாடு என்னும் வார இதழைத் தொடங்கினார்.

1937இல் சென்னை மாகாணப் பிரதமரான சி. இராசகோபாலாச்சாரி (இராசாசி) பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்க முற்பட்டார். இதற்கு எதிராக எழுந்த போராட்டத்தில் 1938இல் அண்ணாதுரை நான்கு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். அன்று இவரைச் சிறைக்கு அனுப்பிய அரசின் தலைவரே சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் இவருடைய கூட்டணித் தலைவர்களுள் ஒருவரானார்.

1944இல் சேலத்தில் நடைபெற்ற மாநாட்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது. ஆங்கில அரசு வழங்கிய பட்டங்களையும் பதவிகளையும் துறக்க வேண்டும் என்ற தீர்மானம் அண்ணாதுரையின் பெயரால் அறியப்படுகிறது. செல்வந்தர்களும் நிலக்கிழார்களும் செல்வாக்குப் பெற்றிருந்த தேர்தல் கட்சி, தேர்தலில் பங்கேற்காத சமுதாய இயக்கமாயிற்று.

பெரியாருடன் கருத்து வேறுபாடு

இந்திய விடுதலை நாளான ஆகத்து 15, 1947ஐத் துக்க நாளாகக் கொள்ள வேண்டும் என்று பெரியார் அறிவித்தார். அண்ணாதுரை இதனை ஏற்காமல், அது மகிழ்ச்சிக்குரிய நாள் என்று வெளிப்படையாக எழுதினார். கழகத்தினர் அனைவரும் கருஞ்சட்டை அணிய வேண்டும் என்பதிலும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. 1949 சூலையில் பெரியார் மணியம்மையை மணந்ததைத் தொடர்ந்து வேறுபாடு முற்றியது. அண்ணாதுரையும் அவருடைய ஆதரவாளர்களும் வெளியேறி, செப்டம்பர் 17, 1949 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தைத் (தி.மு.க.) தொடங்கினர். புதிய கட்சியின் தலைவர் பதவி பெரியாருக்கென விடப்பட்டு, அண்ணாதுரை பொதுச் செயலாளரானார்.

நிலைப்பாட்டு மாற்றங்கள்

தேர்தலில் பங்கேற்பு

1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் தி.மு.க. போட்டியிடவில்லை. திராவிட நாட்டுக் கோரிக்கையை ஆதரிப்பதாக உறுதிமொழி அளித்த பிற கட்சியினருக்கும் சுயேச்சைகளுக்கும் ஆதரவு அளித்தது. இவ்வாறு ஆதரவு பெற்றவற்றுள் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. ஆனால் காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் 1952இல் இராசாசி அமைச்சரவையிலும், உழைப்பாளர் கட்சித் தலைவர் எஸ். எஸ். இராமசாமி படையாட்சியார் 1954இல் காமராசர் அமைச்சரவையிலும் சேர்ந்தனர். இரு கட்சிகளும் பின்னர் காங்கிரசில் கலந்தன. வேட்பாளரின் உறுதிமொழியை நம்பி வாக்குத் திரட்டிய தி.மு.க. இதில் ஏமாற்றமடைந்தது.

1956இல் திருச்சிராப்பள்ளியில் நடந்த மாநில மாநாட்டில், தேர்தலில் பங்கேற்பதா வேண்டாவா என்பது குறித்து மாநாட்டிற்கு வந்தோரிடமே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. பெரும்பான்மையோர் ஆதரித்ததால் தேர்தலில் ஈடுபடுவதென முடிவாயிற்று. 1957 தேர்தலில் தி.மு.க. சட்டமன்றத்தில் 15 இடங்களையும் மக்களவையில் 2 இடங்களையும் வென்றது. அண்ணாதுரை தம் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் வெற்றி பெற்றார்.

கடவுட் கொள்கை

திராவிடர் கழகத்தில் இருந்தபோது அண்ணாதுரை புராணங்களையும் இதிகாசங்களையும் கடுமையாகத் திறனாய்வு செய்தார். கம்பராமாயணத்தை விமர்சித்துக் கம்பரசம் எழுதினார். 1943இல் இரா. பி. சேதுப்பிள்ளை, சோமசுந்தர பாரதியார் ஆகிய தமிழறிஞர்களுடன் இப்பொருள் குறித்துச் சொற்போர் நடத்தினார். தி.மு.க. தொடங்கிய பின் இவரது நிலை படிப்படியாக மாறியது. மக்கள் அனைவரும் ஒரே குலத்தினர், இறைவனும் ஒருவனே என்ற திருமூலரின் கருத்தைக் கட்சியின் கொள்கையாக முன்வைத்தார்.

1953இல் பெரியார் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தியபோது தி.மு.க. அதில் பங்கேற்கவில்லை. தாம் பிள்ளையார் சிலையை உடைக்கப் போவதுமில்லை, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போவதுமில்லை என்னும் பொருள்பட அண்ணாதுரை தம் நிலையை விளக்கினார். அதாவது வழிபடுவோரை எதிர்ப்பதில்லை, ஆனால் சடங்குகளில் தமக்கு ஈடுபாடில்லை என்பதே இவரது நடுநிலை. திராவிடர் கழகத்தினர் இதனைக் கொள்கைச் சறுக்கலாகக் கருதினர். காங்கிரசாரோ வாக்குக்காகப் போடப்பட்ட வேடம் என்றனர்.

தனிநாட்டுக் கோரிக்கை

இவருடைய மாற்றங்களுள் மிகப் பெரியது இதுவாகும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் பேசும் பகுதிகளை உள்ளடக்கிய தனித் திராவிட நாடு என்பதே தி.மு.க.வின் அடிப்படைக் கோரிக்கையாக இருந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிக்கப்பட்ட பின், மற்ற மூன்று மொழிப் பகுதிகளில் இக்கோரிக்கைக்கு ஆதரவு இல்லை என்பது தெளிவாயிற்று. கட்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரான ஈ. வெ. கி. சம்பத் திராவிட நாடு நடைமுறைக்கு ஒவ்வாதது என்று வாதிட்டு, 1961இல் விலகித் தமிழ்த் தேசியக் கட்சியைத் தொடங்கினார். அப்போது அண்ணாதுரை கோரிக்கையைக் கைவிடவில்லை. 1962 மே 1 அன்று மாநிலங்களவையில் ஆற்றிய முதல் உரையிலும் திராவிட நாட்டிற்குத் தன்னாட்சி உரிமை வேண்டும் என வலியுறுத்தினார்.

1962 அக்டோபரில் இந்திய-சீனப் போர் மூண்டது. விலைவாசி உயர்வுக்கு எதிரான போராட்டத்தில் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்த அண்ணாதுரை, வெளிவந்ததும் பிரிவினைப் பேச்சை ஒதுக்கிவைத்து, நேரு அரசின் போர் முயற்சிகளுக்கு முழு ஆதரவு தெரிவித்தார். 1963இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் நிறைவேறியது. தேர்தலில் போட்டியிடும் ஒவ்வொருவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என இத்திருத்தம் விதித்தது. பிரிவினை கோரும் கட்சி தேர்தலில் பங்கேற்க இயலாத நிலை ஏற்பட்டது.

1963 நவம்பரில் தி.மு.க. தன் சட்டதிட்டத்தைத் திருத்திக் கோரிக்கையைக் கைவிட்டது. இந்திய இறையாண்மைக்கு உட்பட்டு நான்கு திராவிட மொழி மாநிலங்களும் நெருங்கி ஒத்துழைப்பது என்பது புதிய குறிக்கோளாயிற்று. கோரிக்கையை விட்டாலும் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அண்ணாதுரை விளக்கம் அளித்தார். பின்னாளில் மாநிலங்களுக்கு மிகுந்த அதிகாரம் வேண்டும் என்ற மாநில சுயாட்சிக் கொள்கையாக இது வளர்ந்தது.

1962 தேர்தலும் காஞ்சிபுரம் தோல்வியும்

1962 பொதுத்தேர்தலில் தி.மு.க. 50 சட்டமன்ற இடங்களையும் 7 மக்களவை இடங்களையும் வென்றது. ஆனால் அண்ணாதுரை காஞ்சிபுரத்தில் காங்கிரசு வேட்பாளர் எஸ். வி. நடேச முதலியாரிடம் தோல்வியுற்றார். 1957இல் தி.மு.க. வென்ற தொகுதிகளில் காங்கிரசு அத்தேர்தலில் தனிக் கவனம் செலுத்தியது. மாநிலம் முழுவதும் கட்சி வளர்ந்தபோது அதன் தலைவரைச் சொந்த ஊர் கைவிட்டது குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டு இவர் மாநிலங்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கைத்தறி நெசவாளர் நலன் இவர் நெடுங்காலம் வலியுறுத்திய ஒன்றாகும். 1953இல் நெசவாளர் துயரைக் குறைக்கத் தி.மு.க.வினர் ஊர்தோறும் கைத்தறித் துணிகளைத் தெருக்களில் சுமந்து விற்றனர். அண்ணாதுரை திருச்சிராப்பள்ளியில் இவ்விற்பனையில் ஈடுபட்டார். இத்தகைய பணிகள் நெசவாளரிடையே இவருக்கு மதிப்பைப் பெற்றுத் தந்தபோதிலும், 1962இல் தொகுதியை வெல்ல அவை போதவில்லை.

இராசாசியுடன் கூட்டணி

1959இல் இராசாசி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். அரசின் பொருளாதாரக் கட்டுப்பாடுகளை எதிர்த்த, பழைமை சார்ந்த கட்சி இது. 1953இல் இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் எனக் கூறித் தி.மு.க. கடுமையாக எதிர்த்திருந்தது. அவ்வாறு இருந்தும் 1967 தேர்தலில் இரு கட்சிகளும் ஒரே அணியில் நின்றன. முகம்மது இசுமாயில் தலைமையிலான முசுலிம் லீக், மார்க்சியக் கம்யூனிசுட்டுக் கட்சி, பிரசா சோசலிசுட்டுக் கட்சி, ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகம், சி. பா. ஆதித்தனாரின் நாம் தமிழர் இயக்கம் ஆகியனவும் இவ்வணியில் இடம் பெற்றன.

இக்கூட்டணியில் மாறியவர் அண்ணாதுரை மட்டுமல்லர். 1937இல் இந்தியைக் கட்டாயமாக்கிய இராசாசி, பிற்காலத்தில் இந்தி திணிப்பை எதிர்த்து, ஆங்கிலம் ஆட்சிமொழியாகத் தொடர வேண்டும் என வாதிட்டார். அண்ணாதுரையோ மொழிக் கொள்கையில் 1938 முதல் மாறாதிருந்தார். 1963இல் ஆட்சிமொழிச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்றார். 1965 சனவரி 26ஐத் துக்க நாளாகக் கடைப்பிடிக்க முயன்றபோதும் கைதானார். எனவே இவ்விருவரும் சந்தித்த இடம், இராசாசி வந்து சேர்ந்த இடமாகும்.

இராசாசியின் ஆதரவு, பார்ப்பனர்கள் உள்ளிட்ட பழைமைப் பற்றுடைய வாக்காளரின் தயக்கத்தைக் குறைத்தது. பார்ப்பனர்கள் ஒரு கையால் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தி.மு.க.வுக்கு வாக்களிக்கலாம் என அவர் கூறியதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. மறுபுறம், பெரியார் இத்தேர்தலில் காமராசரையும் காங்கிரசையும் ஆதரித்தார். இறைநம்பிக்கை மிக்க இராசாசி தி.மு.க. பக்கமும், நாத்திகரான பெரியார் காங்கிரசு பக்கமும் நின்றமையால், சமயத்தைக் காக்கும் கட்சி எது என்ற அடிப்படையில் வாக்களிக்க விரும்பியவர்களுக்கு எளிய விடை கிடைக்கவில்லை. அரிசித் தட்டுப்பாடு, விலைவாசி உயர்வு, 1965 மொழிப் போராட்டத்தில் நிகழ்ந்த உயிரிழப்புகள் ஆகியனவே தேர்தலில் முன்னின்றன.

முதலமைச்சராக

1967 தேர்தலில் தி.மு.க. 234 இடங்களுள் 130க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. சுதந்திராக் கட்சி 20 இடங்களைப் பெற்றது. காமராசர் விருதுநகரில் தோல்வியுற்றார். தென்சென்னை மக்களவைத் தொகுதியில் வென்றிருந்த அண்ணாதுரை அப்பதவியைத் துறந்து, சட்ட மேலவை உறுப்பினரானார். மார்ச் 6, 1967 அன்று இவருடைய அமைச்சரவை பதவியேற்றது. அமைச்சர்கள் கடவுளின் பெயரால் அல்லாமல் உளமார உறுதி கூறிப் பொறுப்பேற்றனர். பதவியேற்குமுன் அண்ணாதுரை திருச்சிராப்பள்ளி சென்று, தம்மை எதிர்த்துப் பரப்புரை செய்த பெரியாரைச் சந்தித்தார். பின்னர் தம் ஆட்சியைப் பெரியாருக்குக் காணிக்கையாக்குவதாகவும் அறிவித்தார்.

தேர்தலுக்கு முன் அளித்த வாக்குறுதிகள் நிறைவேறிய விதம் வருமாறு:

அரிசி: ரூபாய்க்கு மூன்று படி அரிசி வழங்குவது இலக்கு என்றும், ஒரு படி உறுதி என்றும் தி.மு.க. கூறியிருந்தது. ரூபாய்க்கு ஒரு படித் திட்டம் 1967இல் சென்னை, கோயம்புத்தூர் ஆகிய நகரங்களில் தொடங்கப்பட்டது. நிதிச் சுமை காரணமாக மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கப்படவில்லை.

மொழி: 1968 சனவரியில் சட்டமன்றத் தீர்மானத்தின் மூலம் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் கொண்ட இருமொழிக் கொள்கை ஏற்கப்பட்டது.

மாநிலப் பெயர்: சென்னை மாநிலத்திற்குத் தமிழ்நாடு எனப் பெயரிடும் தீர்மானம் 1967 சூலையில் நிறைவேறி, 1969 சனவரி 14 அன்று நடைமுறைக்கு வந்தது.

திருமணம்: புரோகிதரும் சமயச் சடங்குகளும் இன்றி நடைபெறும் சுயமரியாதைத் திருமணங்கள், இந்துத் திருமணச் சட்டத்தில் செய்யப்பட்ட மாநிலத் திருத்தத்தால் சட்டப்படி செல்லத்தக்கவையாயின. முன்பு நடந்த அத்தகைய திருமணங்களுக்கும் இது பொருந்தும்.

மதுவிலக்கு: இராசாசி 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு அண்ணாதுரையின் ஆட்சியில் நீக்கப்படாமல் தொடர்ந்தது. அரசுக்கு வருவாய் தேவைப்பட்டபோதும் இவர் அதனைத் தளர்த்தவில்லை. இவருடைய மறைவுக்குப் பின் மு. கருணாநிதி ஆட்சியில் 1971இல் அது தளர்த்தப்பட்டது.

பழைமைப் பற்றுடைய வாக்காளரின் நோக்கில் இவ்வாட்சி கலவையானது. சடங்கில்லாத் திருமணச் சட்டம் அவர்களுக்கு உவப்பானதன்று. எனினும் சுயமரியாதைத் திருமணத்தை அண்ணாதுரை எப்போதும் ஆதரித்தே வந்தார், மறைத்ததில்லை. அச்சட்டம் சடங்குடன் கூடிய திருமணத்தைத் தடை செய்யவும் இல்லை. கோயில் வழிபாடும் மதுவிலக்கும் முன்போலவே தொடர்ந்தன.

மறைவு

1968இல் அண்ணாதுரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக அழைப்பின்பேரில் அங்குச் சென்றார். அவ்வாண்டே உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்காக நியூயார்க்கில் அறுவை மருத்துவம் செய்துகொண்டார். நாடு திரும்பியும் உடல்நலம் தேறாமல், பெப்ரவரி 3, 1969 அன்று சென்னையில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி மக்கள் பங்கேற்றதாகக் கின்னசு நூல் குறித்தது. சென்னை மெரினா கடற்கரையில் இவருடைய நினைவிடம் அமைந்துள்ளது.

மதிப்பீடு

அண்ணாதுரையின் மாற்றங்கள் பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. ஆட்சியைப் பிடிப்பதே இவற்றின் நோக்கம் என்பது ஒரு கருத்து. 16ஆவது திருத்தம் வந்த சில வாரங்களிலேயே திராவிட நாடு கைவிடப்பட்டதையும், இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே கருத்தைச் சொன்ன சம்பத் கட்சியைவிட்டு விலக நேர்ந்ததையும் இவ்வாறு கருதுவோர் சுட்டுகின்றனர். சூழல் மாறியபோது கட்சியைச் சட்டத்திற்கு உட்பட்ட மக்களாட்சிப் பாதையில் வைத்திருந்தார் என்பது மற்றொரு கருத்து. தனிநாட்டுக் கோரிக்கையை விட்ட ஒரு பேரியக்கம் வன்முறைக்குத் திரும்பாமல் தேர்தல் கட்சியாகவே நிலைத்தது இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது.

வேட்பாளரின் மாற்றத்தை நம்பலாமா என்ற வினா பிற நாடுகளிலும் எழுவதுண்டு. 1967இல் கலிபோர்னியா ஆளுநராகக் கருக்கலைப்பு விதிகளைத் தளர்த்தும் சட்டத்தில் கையொப்பமிட்ட ரொனால்டு ரேகன், பின்னர் எதிர்நிலை எடுத்து, 1980இல் பழைமைவாத வாக்காளரின் ஆதரவுடன் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதே பொருளில் நிலை மாறிய மிட் ரோம்னி 2008, 2012 ஆகிய ஆண்டுகளின் உட்கட்சி வேட்பாளர் தேர்தல்களில் நெடுகவும் ஐயத்திற்கு உள்ளானார்.

அண்ணாதுரையைப் பொறுத்தவரை மூன்று செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, முக்கிய மாற்றங்கள் மாநாட்டிலோ கட்சி அமைப்பிலோ முடிவு செய்யப்பட்டு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டன. இரண்டாவது, அவை 1967 தேர்தலுக்கு முன்பே நிகழ்ந்தமையால், வாக்காளர் அவற்றை அறிந்தே முடிவு செய்ய முடிந்தது. மூன்றாவது, பதவிக்கு வந்தபின் இவர் பழைய நிலைகளுக்குத் திரும்பவில்லை. தனிநாட்டுக் கோரிக்கை மீண்டும் எழுப்பப்படவில்லை. கோயில்களுக்கு எதிரான இயக்கமும் நடத்தப்படவில்லை. ஆயினும் இவர் ஆட்சியில் இருந்தது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலமே என்பதால், இம்மதிப்பீடு அக்குறுகிய காலத்தை மட்டுமே சார்ந்துள்ளது.

நினைவுச் சின்னங்கள்

காஞ்சிபுரத்தில் அண்ணாதுரை வாழ்ந்த வீடு அரசு நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. 1972இல் ம. கோ. இராமச்சந்திரன் தொடங்கிய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் இவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1978இல் நிறுவப்பட்ட தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கு அண்ணா பல்கலைக்கழகம் எனப் பெயரிடப்பட்டது. நூற்றாண்டையொட்டி 2009இல் இந்திய அரசு இவர் உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயத்தை வெளியிட்டது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறக்கப்பட்டது.